அரை மூட்டைச் சீமெந்து

எங்கள் வீட்டுக் கக்கூசின் சுவர் ஏன் தோள் மட்டத்தோடு நின்றுவிட்டது என்று எங்கள் சரவணை ஊரில் என்னைக் கேட்காத ஆள் இல்லை. கேட்டவர்களுக்கெல்லாம் காற்றோட்டத்துக்கு என்று சொல்லி வந்தேன். காற்றோட்டத்துக்காக எந்தப் பெண்பிள்ளையாவது கக்கூசுச் சுவரைக் குறைப்பாளா என்று யோசிக்கிற புத்தி அவர்களுக்கும் இருந்தது. ஆனால் சீதேவி என்கிற என் வாய்க்குப் பயந்து பேசாமல் போனார்கள். உண்மை தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒன்று நான், மற்றது என் மனுசன் தியாகலிங்கம். அந்த மனுசன் நான் சொல்லாமல் தும்மவும் மாட்டார் என்று அப்போது நினைத்திருந்தேன்.

உண்மை இதுதான். இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு, மீளக் குடியேறியவர்களுக்கு மலசலகூடம் கட்டச் சீமெந்து கொடுத்தார்கள். சண்டையால் யாழ்ப்பாணத்துப் பாதை பூட்டியிருந்த காலம். கப்பலில் வந்தால்தான் யாழ்ப்பாணத்தில் சீமெந்து. ஆளுக்கு அளந்துதான் தந்தார்கள். அதில் அரை மூட்டையை எடுத்துக்கொண்டு போய், ஊருக்கே பொதுவான அணைக் கதவில் நான் பூசிவிட்டேன்.

ஏன் பூசினேன் என்பதற்குக் கொஞ்சம் ஊர்க்கதை வேண்டும். எங்கள் தீவில் ஆறு கிடையாது. மழை பெய்தால்தான் தண்ணீர். அந்தத் தண்ணீர் வயல்களைக் கடந்து, வெள்ளவாய்க்காலில் இறங்கி, கடலை நோக்கி ஓடும். அங்கே அணை இருக்கிறது. அணையின் நடுவில் இரண்டு கொங்கிறீட் தூண்கள். தூண்களுக்கு இடையில் ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று பலகைகள் இறங்கியிருக்கும். அதுதான் கதவு. மேலே ஓர் இரும்புச் சட்டம், அதற்கு ஓர் ஆமைப்பூட்டு. அணையோடு ஒட்டிய கடைசி வயல் எங்களுடையது என்பதால், என் மாமனார் காலத்திலிருந்து அந்தப் பூட்டின் திறப்பு எங்கள் வீட்டு ஆணியில்தான் தொங்கும். முதல் மழைக்குக் கதவை இறக்கினால் தை பிறந்த பிறகுதான் தூக்குவது. அதற்கு முன் ஒரு வாளி நல்ல தண்ணீரைக் கடலுக்கு விட்டவனை எங்கள் ஆட்கள் மனிதனாக மதிக்க மாட்டார்கள்.

தொண்ணூற்றொன்றில் நாங்கள் ஊரை விட்டு ஓடினோம். பார்க்க ஆளில்லாமல் அணை உடைந்தது. கடல் தன் பாட்டுக்கு வயலுக்குள் வந்து போனது. தொண்ணூற்றாறுக்குப் பிறகு திரும்பி வந்தபோது வயல் முழுக்க உப்பு வெள்ளையாகப் பூத்து, உப்பு மண்ணில் முளைக்கிற உமரிச் செடி மட்டும் சிவந்து கிடந்தது. கிணற்றுத் தண்ணீரில் தேத்தண்ணீர் வைத்தால் திரைந்து போகும். அணையைத் திருத்தினோம். மழைத் தண்ணீரை மறித்து மறித்து, பன்னிரண்டு வருடம் உப்பைக் கீழே இறக்கினோம். அந்த வருடம்தான் முதல்தடவையாக என் ஆறு பரப்பு வயலில் மொட்டைக்கறுப்பன் நெல் விதைத்தேன். ஊரிலே இருபத்தேழு குடும்பம் விதைத்தது. முளை வந்த அன்று நான் வரம்பில் குந்தியிருந்து அழுதேன். அழுததை யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டுதான் எழும்பினேன்.

பலகைகள் பழசு. இடுக்கு வழியே முந்தின மாரியெல்லாம் தண்ணீர் கசிந்து கடலுக்குப் போய்க்கொண்டே இருந்தது. அந்தக் கசிவைப் பார்க்க எனக்கு வயிறு எரியும். அதனால்தான் ஆவணியில், வாய்க்கால் காய்ந்து கிடந்த சமயம், ஊர் முழுக்கக் கோயில் தேருக்குப் போயிருந்த மத்தியானத்தில், மனுசனை இழுத்துக்கொண்டு போனேன். பலகைகளை முன்கூட்டியே இறக்கி வைத்து, அவர் குழைத்துத் தந்தார், நான் உள்பக்கத்து இடுக்கெல்லாம் பூசினேன். மூன்று பலகைகளும் இரண்டு தூண்களும் ஒரே சுவராகப் போயின. தை பிறக்கும்போது தட்டி எடுத்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

இதில் என் மனதுக்குள் எமிலியும் இருந்தாள். அணைக்கு அப்பால் மணல் மேட்டில் கடற்றொழில் செய்கிற வேதக்கார ஆட்களின் குடியிருப்பு. அங்கே அன்ரனிதாஸ் என்கிறவரின் பெண்சாதி எமிலி. ஒவ்வொரு கார்த்திகையும் என் படலையில் வந்து நிற்பாள். கதவைக் கொஞ்சம் திறந்துவிட்டால் நல்ல தண்ணீர் கடலில் கலக்கும், அந்தக் கலங்கலுக்கு இறால் கரைக்கு வரும் என்பாள். நான் மாட்டேன் என்பேன். அதற்கு முந்தின வருடம் சந்தியில் இதே விசயத்துக்கு இரண்டு பேரும் பிடித்த சண்டையில் பஸ் பத்து நிமிசம் தாமதித்தது. சாரதியே இறங்கி வந்து கேட்டுக்கொண்டு நின்றார்.

அப்படிப் பூசி வைத்த கதவுக்கு மேலேதான் அந்தக் கார்த்திகை மழை வந்தது.

மழை என்றால் எங்களுக்கு ஒரு பழக்கமான முறை உண்டு. ஐப்பசியில் தூறித் தொடங்கும். கார்த்திகையில் விட்டு விட்டுப் பெய்யும். வயல் குடித்து, கிணறு குடித்து, மிச்சம்தான் வாய்க்காலுக்கு வரும். ஏழெட்டு வருடமாக அந்த முறை கெட்டுப்போனது. ஐப்பசி முழுக்க வானத்தைப் பார்க்க வைக்கும். பிறகு இரண்டு மாதத்து மழையை ஒரே மூச்சில் கொண்டுவந்து கொட்டும். அந்தத் தடவை புயலும் சேர்ந்துகொண்டது. ஒரு பகல், ஒரு இரவு, மறுபகல். குசினிக்குள் அண்டா மிதந்தது. கோழிகள் அலுமாரிக்கு மேலே ஏறி நின்று எங்களை ஒரு மாதிரிப் பார்த்தன.

ஊரில் மேடு என்று இருந்தது மணல் மேடு ஒன்றுதான். வயல்பக்கத்துக் குடும்பங்கள் எல்லாம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அங்கே போனோம். மாதா கோயிலைத் திறந்துவிட்டார்கள். அதிலும் இடம் காணாமல் வீட்டுக்கு வீடு பிரித்தார்கள். என் தலைவிதி, எனக்கு எமிலியின் வீடு. அவள் ஒரு சொல்லுச் சொல்லவில்லை. உலர்ந்த சட்டை தந்தாள், சுடச்சுடப் பிட்டு அவித்துத் தந்தாள். ஏதாவது குத்திக் கதைத்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுகமாக இருந்திருக்கும். வாய்க்கு வேலையில்லாமல் அந்தப் பிட்டைச் சாப்பிடப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

காலையில் மழை விட்டிருந்தது. அணைக்கு ஓடினோம். என் வயல் இருந்த இடத்தில் ஒரு குளம் இருந்தது. முழங்கால் உயரப் பயிர், நுனி மட்டும் அங்கங்கே தலைமயிர் மாதிரித் தெரிந்தது. இரண்டு நாள் மூழ்கிக் கிடந்தாயிற்று. இன்னும் இரண்டு நாள் போனால் அழுகிவிடும். பன்னிரண்டு வருடமும் அதோடு போய்விடும்.

கமக்காரர் சங்கத் தலைவர் வைத்திலிங்கத்தார் பூட்டைத் திறக்கச் சொன்னார். திறந்தேன். பத்து ஆண்கள் பலகையைப் பிடித்துத் தூக்கினார்கள். அசையவில்லை. அலவாங்கு வைத்து மேலிருந்து நெம்பினார்கள். அசையவில்லை. பலகை ஊறி வீங்கிவிட்டது என்றார் ஒருவர். நானும் ஓம் என்று தலையாட்டினேன். கடவுள் மன்னிக்க வேண்டும்.

வைத்திலிங்கத்தார் கொஞ்சம் யோசித்தார். பிறகு அணையை வெட்டுவோம் என்றார். மண்வெட்டிகள் வந்தன. வெட்டுகிறவன் ஒரு முழம்தான் வெட்டுவான், மிச்சம் முப்பது முழத்தைத் தண்ணீரே வெட்டும். இந்த நாளில் அதை அடைக்கக் கல்லும் இல்லை, சீமெந்தும் இல்லை. அடுத்த பெருக்குக்குக் கடல் உள்ளே வரும். திரும்பவும் வெள்ளை பூத்த நிலம், திரும்பவும் உமரி. வாயைத் திறந்தால் என் மானம் போகும். திறக்காவிட்டால் இருபத்தேழு குடும்பத்தின் மண் போகும். பக்கத்தில் நின்ற மனுசனைப் பார்த்தேன். அவர் தன் பெருவிரலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

முதல் மண்வெட்டி விழுந்தது. என்னால் தாங்க முடியவில்லை.

“வெட்டாதேங்கோ. கதவு வீங்கேல்லை. நான்தான் சீமெந்து பூசினனான்.”

வைத்திலிங்கத்தார் என்னைப் பார்த்தார். எல்லாரும் பார்த்தார்கள். தண்ணீர் கசிந்தது, எனக்குப் பொறுக்கவில்லை, அதனால் பூசினேன் என்று சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது பைத்தியக்காரியின் கதையாகக் கேட்டது. ஆனால் ஒரு விசயத்தைக் கவனித்தேன். எங்கள் வயல்காரர் ஒருவராவது ஏசவில்லை. கசிவைப் பார்த்து வயிறெரிந்தவள் நான் ஒருத்தி இல்லை என்பது அவர்கள் முகத்தில் எழுதியிருந்தது. சீமெந்து கையில் கிடைத்திருந்தால் அவர்களும் பூசியிருப்பார்கள்.

கடல் பக்கத்தில் நின்ற எமிலிதான் முதலில் வாய் திறந்தாள்.

“அப்ப அதுதான் உமது கக்கூசுச் சுவர் தோளோடை நிக்குது.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அணையில் குந்திச் சிரித்தாள். அவளைப் பார்த்து மற்றவர்கள் சிரித்தார்கள். வைத்திலிங்கத்தார் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கண்ணீர் வரச் சிரித்தார். இரண்டு நாள் பயந்து செத்த சனம், அடக்கி வைத்ததெல்லாம் சிரிப்பாய் வந்தது. எனக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்துக்கொண்டு நின்றேன். வரவில்லை. நானும் சிரித்தேன்.

எமிலியின் புருசன் அன்ரனிதாஸ் அட்டை குளிக்கிறவர். கடலடியில் மூச்சை அடக்கிக் கைத்தடவலில் கடலட்டை பிடிப்பது அவர் தொழில். உள்பக்கம் ஆள் ஆழத்துக்குத் தண்ணீர். அவர்தான் இறங்க வேண்டும். எங்கெங்கே, எவ்வளவு தடிப்புக்குப் பூசினேன் என்று என்னிடம் கேட்டார். கையால் காட்டினேன். என்ன கலவை, ஒன்றுக்கு நாலா, ஐந்தா என்று கேட்டார். ஒன்றுக்கு மூன்று, கல்லு மாதிரி இருக்கும் என்று சொன்னேன். அந்த நேரத்திலும் என் குரலில் ஒரு பெருமை இருந்திருக்க வேண்டும். அன்ரனிதாஸின் முகம் சுருங்கிப் போனது. அப்படியென்றால் ஒரு நாள் முழுக்க உடைத்தாலும் போகாது என்றார்.

அப்போதுதான் என் மனுசன் தொண்டையைச் செருமினார்.

“ஒண்டுக்கு எட்டுத் தம்பி,” என்றார். “சுவருக்குக் கொஞ்சம் மிஞ்சட்டும் எண்டு நான் மணலைக் கூடப் போட்டனான். இவவுக்குத் தெரியாது.”

இருபத்திரண்டு வருடம் அந்த மனுசனோடு குடும்பம் நடத்தியிருக்கிறேன். அவர் என்னை ஏமாற்றியது அந்த ஒரே தடவைதான். வேறு நாளென்றால் உண்டு இல்லை என்று பண்ணியிருப்பேன். அன்றைக்கு அவர் காலில் விழலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். நல்லவேளை, நினைத்ததோடு விட்டேன்.

அன்ரனிதாஸ் அலவாங்கோடு இறங்கினார். நாங்கள் மேலே நின்று மூச்சை எண்ணினோம். எழும்பினார், சிரித்தார், பிட்டு மாதிரி உதிருது என்றார். திரும்ப இறங்கினார். பத்துப் பதினைந்து முறை. மூன்று இடுக்கும் தூண் ஓரமும் விட்டுவிட்டன. வைத்திலிங்கத்தார் இனித் தூக்குவோம் என்று எல்லாரையும் கூப்பிட்டார். எமிலி கையை விரித்து முன்னால் வந்து நின்றாள்.

“இப்ப ஏலாது. கடல் உங்கடை தண்ணியோடை சரிமட்டத்திலை நிக்குது. துறந்தால் அதுதான் உள்ளுக்கு வரும். காத்து விழட்டும், வத்தட்டும்.”

அவள் சொன்னது சரி. புயல் கடலைக் கொண்டுவந்து கரையிலே சாத்தி வைத்திருந்தது. எங்களுக்குக் கண்ணுக்குத் தெரிந்தது வயல் ஒன்றுதான். கடலைத் திரும்பிப் பார்க்கிற பழக்கம் எங்களுக்கு இல்லை. அவள் ஒரு தடியைக் கடல் பக்கத்துச் சேற்றில் குத்தி, தண்ணீர் நிற்கிற இடத்தில் ஓலைத் துண்டால் கட்டினாள். முன்பு இவ்வளவு உயரத்துக்குக் கடல் வருவதில்லை என்றும், கலியாணம் முடித்து வந்த காலத்தில் வள்ளம் கட்டுகிற கல்லின் வளையம் எப்போதும் வெளியே தெரியும், இப்போது மாரியில் கையை விட்டுத் தடவ வேண்டியிருக்கிறது என்றும் சொன்னாள். நான் எங்கள் மழை கெட்டுப்போன கதையைச் சொன்னேன். இரண்டு பேரும் ஒரே விசயத்தைத்தான் இத்தனை வருடமும் ஆளுக்கொரு பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறோம் என்று தோன்றியது. பிறகு ஒரு நாள் பள்ளிக்கூடத்தில் கூட்டம் வைத்து, காலநிலை மாறுகிறது என்று ஒரு பிள்ளை படம் போட்டுக் காட்டியது. நாங்கள் இரண்டு பேரும் பின் வரிசை வாங்கில் இருந்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

காத்திருந்த நேரத்தில் சாப்பாடு வந்தது. அணையில் வரிசையாக இருந்து நூறு பேர் சாப்பிட்டோம். மத்தியானம் திரும்பியபோது ஓலைத் துண்டுக்குக் கீழே ஒரு சாண் தடி நனைந்து தெரிந்தது. பிறகு ஒரு முழம்.

வள்ளங்களைக் கரையேற்றுகிற வடக்கயிற்றைக் கொண்டுவந்தார்கள். தூண்களுக்குக் குறுக்கே ஒரு பனந்தீராந்தியைப் போட்டு, அதற்கு மேலால் கயிற்றை எடுத்துப் பலகையில் கட்டினார்கள். வயல்காரர், கடற்காரர், ஆண், பெண் என்று பார்க்காமல் அணை நீளத்துக்குக் கயிற்றைப் பிடித்தோம். எமிலி தீராந்திக்குப் பக்கத்தில் நின்று வள்ளம் இழுக்கிற பாட்டுக்குக் குரல் கொடுத்தாள். அவள் நிறுத்துகிற இடத்தில் எல்லாரும் சேர்ந்து இழுக்க வேண்டும். வள்ளம் ஏற்றுகிறவர்களுக்கு அது பழக்கம். எங்களுக்குப் பிடிபட நேரம் எடுத்தது. நான் எப்போதும் ஒரு சொல் முந்தி இழுத்தேன். சண்டையில் பழகின அவசரம் போகவில்லை என்று அவள் நடுவிலே ஒரு வரி சேர்த்துவிட்டாள். அதற்கும் எல்லாரும் இழுத்தார்கள்.

முதல் பலகை கிளம்பியது. அடுத்தது. மூன்றாவது கிளம்பும்போது கயிறு ஒரேயடியாக இளகி, நாங்கள் அத்தனை பேரும் சேற்றில் மல்லாக்க விழுந்தோம். எழும்பிப் பார்த்தால் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. செம்மண் நிறத்தில், தூண் அதிர, இரைந்துகொண்டு போனது. எங்கள் நல்ல தண்ணீர். பிறந்ததிலிருந்து ஒரு வாளியைக்கூட விட மனம் வராத நான், அது கடலுக்குள் இறங்குவதைப் பார்த்துக் கை தட்டினேன். யாரோ என்னைப் பிடித்துக் கட்டிக்கொண்டார்கள். திரும்பிப் பார்த்தால் எமிலி. தலை முதல் கால் வரை சேறு. நானும் விடவில்லை.

அடுத்த நாள் பொழுது சாயும்போது என் பயிர் வெளியே வந்தது. மண் பூசி, சரிந்து, சாகாமல் நின்றது. எமிலி தடியைப் பார்த்துச் சொன்ன நேரத்தில் கதவை இறக்கினோம். அந்த வாரமே கலங்கலுக்கு இறால் வந்தது. தெப்பம் விட இடமில்லாமல் வந்தது என்று சொன்னால் பொய், ஆனால் என் படலையில் ஒரு பனையோலைப் பெட்டி நிறைய வந்தது உண்மை. மாசியில் நெல் வெட்டினோம். ஆறு பரப்பில் நான் நினைத்ததில் பாதிதான். புது அரிசியில் முதல் பானை பொங்கியபோது, முதல் அகப்பையை நான் யாருக்குக் கொண்டு போனேன் என்று கேட்கத் தேவையில்லை.

நாட்டில் சண்டை முடிந்து, பாதை திறந்து, சீமெந்து தாராளமாக வந்த பிறகு ஒரு மூட்டை வாங்கினேன். இனியாவது சுவரை உயர்த்துவோம் என்று மனுசன் சொன்னார். நான் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு அணைக்குப் போனேன். ஊர் கூடிப் பேசி எடுத்த முடிவு. கதவுக்கு உள்பக்கம் ஒரு தூண், கடல்பக்கம் ஒரு தூண், இரண்டிலும் கோடு. உள்ளே தண்ணீர் கோட்டுக்கு மேலே வந்தால் திறக்க வேண்டும், வெளியே கடல் கோட்டுக்குக் கீழே இருந்தால்தான் திறக்கலாம். கலவையை இந்தத் தடவை நானே குழைத்தேன். ஒன்றுக்கு மூன்று. திறப்பில் இரண்டு வெட்டுவித்தோம். ஒன்று என் ஆணியில், மற்றது எமிலி வீட்டு மாதா சுருவத்துக்குப் பக்கத்தில்.

சுவர் அப்படியே நின்றது.

அந்தக் கார்த்திகையும் மழை ஒரே மூச்சில்தான் வந்தது. இரண்டு நாள் பெய்து விட்ட காலையில், நான் கக்கூசுக்குள் இருக்கும்போது, படலைக்கு அப்பால் தெருவில் சைக்கிள் மணி கேட்டது.

“சீதேவி, உள்ளுக்குத் தண்ணி கோட்டைத் தாண்டிட்டுது. கடல் வத்திக் கிடக்குது. துறக்கட்டோ?”

எமிலியின் கையிலும் திறப்பு இருந்தது. கேட்காமலே திறந்திருக்கலாம். ஆனாலும் கேட்க வந்தாள். நான் எழும்பி நின்று, சுவருக்கு மேலால் தலையை நீட்டி, அவளைப் பார்த்துச் சொன்னேன்.

“ஓம், துறவும். நான் கை கழுவிக்கொண்டு வாறன்.”